செமாபோக்கில் அகப்பட்ட என் குருவி

பட்டு வலையில் விழுந்த குருவியை எடுக்க எனக்கு ஒரு பீடி புகைத்து முடிக்கும் நேரமாகும். அவன் அதற்குள் எடுத்து முடித்து, என்னைப் பற்றி ஒரு கிண்டலும் சொல்லி முடித்திருப்பான். அந்த விரல்கள் மீது எனக்கு இருந்த பொறாமையைப் போல ஜப்பான்காரன் காலத்தில் வேறெதுவும் எனக்கு இத்தனை தெளிவாக நினைவில் இல்லை. பசிகூட இல்லை. பசி எல்லோருக்கும் இருந்தது. பொறாமை என்னுடையது.

மலாக்காவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தமிழ் வாரத்தாள், ஜப்பான் படை வந்த சில நாட்களில் மூடப்பட்டது. நான் அங்கே செய்தி எழுதுபவன், புரூப் பார்ப்பவனும்கூட. அவன் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி வரியாகக் கோப்பவன். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழியில் வந்த காஜா பெராங் செட்டிகளில் ஒருவன். அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு தனி வகை மலாய். அவனுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தமிழ் எழுத்துகளை உருவத்தைப் பார்த்தே கோத்துவிடுவான், அதுவும் ஈய எழுத்துகள் இடம் வலமாக மாறி நிற்கும் நிலையில். எழுதியதைப் புரிந்துகொண்டு கோத்த மற்றவர்கள் என் வாக்கியங்களைத் தங்கள் விருப்பப்படி திருத்துவார்கள். அவன் திருத்தமாட்டான், புரியாததால். அவனுடைய தட்டில்தான் பிழை மிகக் குறைவு. புரூப் பார்ப்பவனுக்கு இதைவிட எரிச்சல் தரும் ஆள் இருக்க முடியாது.

என்னை அவன் 'எஞ்சே' என்று அழைப்பான். மலாயில் ஐயா என்பது போல. அவன் சொல்லும் விதத்தில் அதில் மரியாதை பாதிதான் இருக்கும்.

தாள் நின்ற பிறகு நான் டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் மரவள்ளி நட்டேன். அவன் நாலைந்து தெரு தள்ளி, கோயிலுக்குப் பின்புறச் சந்தில், சைக்கிள் டயருக்குப் பதிலாக ரப்பர்க் குழாய் வெட்டிக் கட்டும் வேலை செய்தான். இரண்டாம் வருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். பிறகு டவுனுக்கும் லாரி வந்தது. சினிமா கொட்டகை வாசலில் நின்றவர்கள், சந்தைக்குப் போனவர்கள், ஏறச் சொன்னால் ஏறினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கையில் ஏதாவது ஓர் அலுவலகத்தின் துணிப்பட்டை கட்டியிருந்தால் மட்டும் லாரிக்காரன் விட்டுவிடுவான்.

அந்தப் பட்டைக்காகத்தான் நான் குருவி பிடிக்கப் போனேன். அவனும் அதற்காகத்தான்.

விவசாய இலாகாவுக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி வந்திருந்தார். ராணுவக்காரர் அல்ல. தன் ஊரில் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்தியவர் என்று கேள்விப்பட்டோம். எல்லோரும் அவரைச் 'சென்செய்' என்றார்கள், வாத்தியார் என்று பொருள். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மீதியைக் கையால் பேசுவார்.

வருஷக் கடைசியில் வடக்கேயிருந்து வந்து, சாயங்காலமானால் டவுன் கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகள் அவருடைய அக்கறை. எங்கள் பக்கம் எல்லோரும் அவற்றை லாயாங்-லாயாங் என்பார்கள். பகலில் அவை எங்கே போகின்றன என்பது அவர் கேள்வி. டவுனுக்கு வெளியே உள்ள செமாபோக் வயல்களுக்குப் போய் நெற்பூச்சியைத் தின்கின்றன என்று நினைத்தார். அதைக் காட்டிவிட்டால், அந்தப் பஞ்சத்தில் கவணால் குருவியை அடித்துச் சுட்டுத் தின்பவர்களைத் தடுக்க உத்தரவு வாங்கலாம் என்று திட்டம். குருவி அவர் வீட்டு இறவாரத்திலும் கூடு கட்டும் என்று ஒருமுறை கையால் காட்டினார். அப்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெட்டியில் வைப்பது. இவர் வழி வேறு. மூங்கில் கழிகளுக்கிடையே கட்டும் பட்டு வலை ஒன்றை ஜப்பானிலிருந்து கொண்டு வந்திருந்தார். அத்தனை மெல்லிய நூல் என்பதால், கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியாது. பறந்து வரும் குருவி மோதி, வலையின் மடிப்பில் பை போல விழுந்து தொங்கும். அடிபடாது. அதை எடுத்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டி, விட்டுவிட வேண்டும். பிறகு அந்தக் குருவி கூட்டத்தில் ஒன்று அல்ல, தனி ஆள். எங்கே திரும்பக் கண்டாலும் அது யார் என்று தெரியும். செத்த ஆயிரம் தோல் சொல்லாததை உயிரோடு திரும்பி வரும் ஒன்று சொல்லும் என்றார். செய்தித் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அது உடனே பிடித்துப் போயிற்று.

எங்களைத் தேர்ந்ததற்குக் காரணம், சின்ன எண்களைப் பிழையில்லாமல் பார்க்கத் தெரியும் என்பது. இருவருக்கும் பட்டை கிடைத்தது. வெள்ளைத் துணி, சிவப்பு முத்திரை. அன்று என் மனைவி அதைத் துவைக்கக்கூட விடவில்லை, முத்திரை கரைந்துவிடும் என்று.

முதல் பாடம் அலுவலகத்தின் பின்கட்டில் நடந்தது. சென்செய் குருவியை இடது உள்ளங்கையில் மல்லாத்தி, கழுத்தை இரு விரல்களுக்கிடையே வைத்து, அதன் தலை எங்கள் பக்கம் இருக்கப் பிடித்தார். நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றோம். காஜா பெராங்கில் பிடிக்கும் குருவிக்குக் 'கானான்', அதாவது வலது கால். செமாபோக்கில் பிடிப்பதற்குக் 'கீரி', இடது கால். தூரத்திலிருந்து எண் தெரியாவிட்டாலும், எந்தக் காலில் மினுங்குகிறது என்று பார்த்தே எந்த ஊர்க் குருவி என்று சொல்லிவிடலாம். கானான் என்று சொல்லி ஒரு காலைத் தொட்டார். கீரி என்று மற்றொன்றைத் தொட்டார். சரியா என்றார். நாங்கள் சரி என்றோம். பத்திரிகையில் இத்தனை எளிய விஷயத்தை நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தியிருப்பேன். ஜப்பான்காரரிடம் யாரும் இரண்டு தரம் கேட்பதில்லை.

காஜா பெராங் வலை எனக்கு, செமாபோக் வலை அவனுக்கு. என் வளையங்களின் எண் மூன்றில் தொடங்கும், அவனுடையது ஐந்தில்.

அன்றிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு வயல். வாய்க்காலில் மீன். மலாய்க் குடியானவர்கள் அவனிடம் வீட்டு ஆள் போலப் பேசி, மரவள்ளியும் தேங்காயும் கட்டிக் கொடுப்பார்கள். அதைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு என் வீட்டு வழியாகத்தான் வருவான். வேறு வழியும் இருந்தது. எனக்குக் கிடைத்தது, வேடிக்கை பார்க்க வந்து வலைக்குள் கல் எறியும் கூட்டம். அவனுக்கோ என்னைப் பார்த்தால் பொறாமையாம். 'எஞ்சேக்கு வாசல்படியிலேயே உத்தியோகம், எனக்கு இடுப்பு ஒடிகிறது' என்பான். அதை அவன் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குருவியை வலையிலிருந்து எடுப்பதில் ஒரு முறை உண்டு. அது எந்தப் பக்கமாக நுழைந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. அச்சுப் பெட்டியிலிருந்து எள்ளளவு எழுத்தைப் பொறுக்கிப் பழகிய விரல்களுக்கு அது விளையாட்டு. ஒரு தரம் சென்செய் வேகத்தைப் பார்க்க எங்கள் இருவரையும் ஒரே வலையில் எடுக்க மட்டும் சொன்னார், வளையம் மாட்ட அல்ல. நான் ஒரு குருவியின் இறக்கையில் நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்து மடிப்புகளைக் காலி செய்துவிட்டான். சென்செய் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் எடுத்து அவனுக்குக் கொடுத்தார். எனக்கு, அவசரப்படாதே என்று கையால் காட்டினார். நான் அவசரப்படவே இல்லை. அதுதான் என் வேகம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, நீங்கள் சிகரெட்டே பிடிப்பதில்லையே என்றாள். பீடிதான் பிடிப்பேன். அது வேறு.

குருவிகள் திரும்பிப் போகும் காலம் நெருங்கியபோது சென்செய் எங்களைக் கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவு, அவருக்கு இனி ஓர் ஆள் மட்டும். மாதக் கடைசியில் ஒரு பட்டையைத் திருப்பித் தர வேண்டும். யாருடையது என்று அவர் சொல்லவில்லை. வேலையைப் பார்த்து முடிவு செய்வேன் என்றார். நாங்கள் படியிறங்கும்போது ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரத்திலிருந்து சென்செய் சாயங்காலங்களில் டவுனுக்கு வந்து, தூரக்கண்ணாடியால் கம்பிகளைப் பார்க்கத் தொடங்கினார். வெயில் சாயும்போது கம்பியில் வளையம் சின்னப் பொறியாக மினுங்கும். ஒருமுறை மாட்டிய குருவி மறுபடி வலைக்கு வருவது அரிது என்பதால் கண்ணாடியால் பார்ப்பதுதான் வழி. நான் பக்கத்தில் நின்றேன். கீரி, என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கீரி. மறுபடியும் கீரி. அவர் குரலில் மகிழ்ச்சி ஏறிக்கொண்டே போயிற்று. செமாபோக் குருவிகள் டவுனில்தான் தூங்குகின்றன. அவர் நினைத்தது சரி.

பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கானான் எங்கே என்றார்.

நானும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அவர் சொன்னபடிதான் தெரிந்தது. கம்பியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவற்றில் மினுங்கியது எல்லாம் இடது கால். வலது காலில் ஒன்றுகூட இல்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தக் கம்பிகளுக்குக் கீழேதான் நான் மாதக்கணக்கில் வளையம் மாட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் கேட்டது இதுதான்: வளையங்களை என்ன செய்தாய்? அந்தக் காலத்தில் அலுமினியம் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் பொருள். சீப்பு செய்தார்கள், கரண்டி செய்தார்கள். நான் மாட்டினேன் என்றேன். அப்படியானால் குருவிகளைக் கொன்றுவிட்டாய் என்றார். கத்தவில்லை. வகுப்பில் பார்த்து எழுதிய பையனிடம் பேசுவது போலப் பேசினார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். குருபோங்கில் அவளுடைய பெரியம்மா இருந்தாள், ரப்பர் மரங்களுக்கு நடுவில். அங்கே போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்றாள். குழந்தை அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தது. நான் யோசித்தது குருபோங்கைப் பற்றி அல்ல. அவனைப் பற்றி. அவன் குருவிகள் எல்லாம் என் வீட்டு வாசல் கம்பியில் வந்து உட்கார்ந்து மினுங்குகின்றன, என்னுடையவை எங்கே செத்தன என்று. அவன் விரல்கள் குருவிகளை நோகாமல் விட்டிருக்கின்றன, என் விரல்கள் நசுக்கியிருக்கின்றன என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவன் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். சைக்கிள் கைப்பிடியில் துணிப்பை ஒன்று தொங்கி, லேசாக அசைந்தது.

"எஞ்சே, உங்கள் எண் மூன்றில்தானே ஆரம்பம்?"

"ஆமாம்."

"அப்படியானால் இது உங்கள் ஆள். விடிந்ததும் விடியாததுமாக என் வயலில் மேய்ந்துகொண்டிருந்தது."

பையைத் திறந்து குருவியை எடுத்து, மல்லாத்திக் காட்டினான். மூன்றில் தொடங்கும் எண். என் வளையம். உயிரோடு, கோபமாக, அவன் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இடது காலில் எதற்கு மாட்டினீர்கள்?" என்று கேட்டான்.

"இது வலது கால்."

"குருவியைக் கேட்டுப் பாருங்கள்."

அவன் குருவியைக் குப்புறத் திருப்பினான். அதன் தலை அவனைப் போலவே தெருவைப் பார்த்தது. அப்போது எனக்கு விளங்கியது. என் கையில் மல்லாந்து கிடக்கும் குருவி எனக்கு எதிரே நிற்கும் ஆள் மாதிரி. என் வலப்பக்கம் தெரிவது அதன் இடது. அச்சான தாளையே படித்து வளர்ந்த எனக்கு, வலப்பக்கம் தெரிவது வலது. சென்செய் மேசைக்கு அந்தப் பக்கம், தலை என் பக்கம் இருக்கப் பிடித்திருந்த குருவியின் வலது கால் என் வலப்பக்கமே தெரிந்தது. அதை நான் என் கண்ணில் பட்டபடி நினைவு வைத்து, என் கையில் இருந்த குருவியிலும் அதே பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இவனோ எதிரே எது தெரிந்தாலும் அதைத் திருப்பிப் போட்டே வயிறு வளர்த்தவன். யாரும் சொல்லாமலே திருப்பியிருக்கிறான். அதனால் காஜா பெராங்கிலும் செமாபோக்கிலும் நாங்கள் வளையம் மாட்டியவை எல்லாம் இடது காலாகவே போய்விட்டன. கம்பியில் மினுங்கியவற்றில் எது அவனுடையது, எது என்னுடையது என்று சென்செய் உட்பட யாருக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று ஒன்றாக மாட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தொழில் ரகசியம் போல ஆளுக்கொரு ஊரில் வைத்திருந்தோம்.

"இதை ஏன் இங்கே கொண்டுவந்தாய்?" என்றேன். "விட்டிருந்தால் பட்டை உனக்குத்தான்."

அவன் முகம் சுருங்கியது. அச்சகத்தில் கம்பாசிட்டர்களுக்குக் கோத்த வரிக்குக் கூலி. ஒவ்வொருவனும் தன் தட்டைத் தனக்கென்று உள்ள நிறக் கயிற்றால் கட்டி வைப்பான். கைமாறி வந்த தட்டை, கயிற்றைப் பார்த்து உரியவன் மேசையில் வைத்துவிடுவார்கள். அதைச் செய்யாதவனோடு யாரும் தேநீர் குடிக்கமாட்டார்கள்.

"அடுத்தவன் கோத்ததை நான் எப்போது என் கயிற்றால் கட்டினேன்?" என்றான். பிறகு கொஞ்சம் தணிந்து, "தவிர, ஒரு குருவிகூட மாட்டத் தெரியாதவனை ஜெயித்தேன் என்று சந்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்."

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். குருவிப் பையை அவனே வைத்துக்கொண்டான். என்னிடம் கொடுக்கவில்லை.

சென்செய் எண்ணைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு குருவியை எங்கள் கையில் மாறிமாறிக் கொடுத்து, முதல் நாள் கானான் என்று எடுத்துக்கொண்டது எது என்றார். இரண்டு விரல்கள் நீண்டு இரண்டு கால்களைக் காட்டின. குருவியை வாங்கி முதல் நாள் போலவே பிடித்து, அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று மறுபடியும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சாலா சாயா," என்றார். என் தவறு.

ஒரு ஜப்பானிய அதிகாரி மலாக்காக்காரர்கள் இருவரிடம் அப்படிச் சொன்னதை வேறு யாரும் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் எந்தத் தாளும் அதைப் போட்டிருக்காது.

அத்தோடு என் நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வேறு. கம்பியில் பார்த்தவை எல்லாம் இனி செல்லாது, யாருடைய குருவி என்று தெரியாததால். செல்லுபடியாவது இந்த ஒன்றுதான். சாயங்காலம் காஜா பெராங்கில் வளையம் மாட்டிய குருவி, விடிகாலையில் செமாபோக்கில் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு உயிரோடு வந்த பதில் அது. மாட்டியவன் இருக்கட்டும் என்றார். நான் மாட்டிய மற்றக் குருவிகளையும் இன்னும் தேட வேண்டுமாம்.

பட்டை எனக்கு.

அவன் தன் பட்டையை அவிழ்த்தான். முத்திரை மேலே தெரிய நாலாக மடித்து மேசையில் வைத்தான். குருவியை யார் விடுவது என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. அவன் அதை எடுத்து ஜன்னலருகே கையை விரித்தான். அது அவன் கட்டைவிரல் மேல் சற்று உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. என் கையில் எதுவும் அப்படி உட்கார்ந்ததில்லை. அதையும் கவனித்தேன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சென்செயிடம் இருவரும் இருக்கலாமா என்று கேட்கத்தான். அவர் உத்தரவுத் தாளை விரலால் தட்டினார்.

படியிறங்கும்போது அவன் சொன்னான்: "கையில் ஒழுங்காகக் கட்டுங்கள் எஞ்சே. வலது எது என்று யாரையாவது கேட்டுக்கொண்டு."

அந்த வாரமே அவன் கடலோரம் உள்ள தெங்கேராவுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு மலாய் நண்பன் படகு வைத்திருந்தான். தலையில் மலாய்க்காரர்கள் போடும் சொங்கோக் தொப்பி, வாயில் பிறந்ததிலிருந்து பேசிய மொழி. லாரிக்காரர்கள் தேடியது தமிழ் ஆட்களை. அவனிடம் இரண்டு தரம் பேசிப் பார்த்து விட்டுவிட்டார்களாம். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் சட்டைக் கையை ஏற்றிப் பட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவன் பட்டையே இல்லாமல் கடலோரத்தில் உட்கார்ந்து வலை பின்னினான், மீன் தின்றான். ஒருநாள் யாரோ வழியாகக் கருவாடு கொடுத்தனுப்பினான். என் மனைவி அழுதுகொண்டே சமைத்தாள். மிக நன்றாக இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

அடுத்த பருவத்தில் நானும் சென்செயும் என் குருவிகளில் சிலவற்றைக் கண்டோம். வலது எது என்பதில் எனக்குப் பிறகு பிழை வந்ததில்லை. குருவிகளைப் பிடித்துத் தின்னக்கூடாது என்று உத்தரவும் வந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பிறகு சென்செய்க்கு மாற்றல் வந்தது. வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சண்டை முடிந்து வாரத்தாள் மறுபடி வந்தபோது, பிழைத்து வந்தவர்களில் அவனும் இருந்தான். கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான். நான் எழுதிய முதல் நீளக் கட்டுரை அந்தக் குருவிகளைப் பற்றியது: பட்டு வலை, எண் போட்ட வளையம், கொல்லாமல் கேள்வி கேட்கும் முறை. அதைக் கோக்க அவனிடம் போயிற்று. கோத்து முடித்து, தன் பச்சைக் கயிற்றால் கட்டி என் மேசைக்குக் கொண்டுவந்தான்.

"எதைப் பற்றி, எஞ்சே?" என்று கேட்டான்.

"குருவி."

"யாருடைய குருவி?"

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவனும் நிற்கவில்லை. ஈரத் தாளில் புரூப் எடுத்து, கோலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒரு புள்ளி, ஒரு கால், எங்காவது ஓர் எழுத்து தலைகீழாக. முதலிலிருந்து கடைசி வரை மறுபடியும் பார்த்தேன். ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை.